அஸ்ஹரின் மாணவ விதிகளும் தாஹா ஹுஸைனின் சாட்சியமும்

டாக்டர் தாஹா ஹுஸைன் (1889–1973) எழுதிய 'அல்-அய்யாம்' தற்கால அரபு உரைநடையின் முதல்வரிசை நூல்களுள் வைத்து எண்ணப்படுவது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அரபுத் துறைகளில் அதன் பகுதிகள் பாடமாக ஓதப்பட்டு வருவதால், வாசகர்களுள் பலருக்கு அது புதிய நூலன்று. அதன் முதற்பாகம் 1926–27இல் கெய்ரோவின் 'அல்-ஹிலால்' இதழில் தொடராக வெளிவந்தது. சிற்றூரின் குர்ஆன் பள்ளியில் கழிந்த இளமையை அது சொல்கிறது. நாம் ஈண்டு ஆராயப் புகுவது, ஏறத்தாழ 1940ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பாகத்தை. 1902இல், பதின்மூன்று வயதில், பார்வையற்ற ஒரு சிறுவன் மேல் எகிப்தின் சிற்றூரிலிருந்து அல்-அஸ்ஹருக்கு ஓத வந்ததும், அங்கு அவன் கழித்த ஆண்டுகளுமே அதன் பொருள்.

இப்பாகத்தை வாசித்தோர் இரு கட்சியினராகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார் இதனைப் பழைய கல்விமுறையின் மீது வரையப்பட்ட குற்றப்பத்திரிகையாகக் கொண்டாடுகின்றனர். மற்றொரு சாரார், தமக்குக் கல்வி ஈந்த கலாசாலையை ஐரோப்பியர் கண்கொண்டு பழித்த நன்றிமறந்த செயலாக இதனை ஒதுக்குகின்றனர். இவ்விரு சாராரும் ஒரு விஷயத்தில் மட்டும் உடன்படுகின்றனர். அஸ்ஹர் விதிகளால் இறுகிய இடம், அவ்விறுக்கத்தின்கீழ் ஒரு மாணவன் மூச்சுத் திணறினான் என்பதே அது. முன்னவர் அவ்விறுக்கத்தைக் குறை என்பர். பின்னவர் அதுவே நிறை என்பர்.

நூலை ஊன்றிப் படித்தால் வேறொன்று புலனாகிறது. அச்சிறுவனை வருத்தியது விதிகளின் மிகுதியன்று. மேலே அமர்ந்திருந்தோரைக் கட்டும் விதி இல்லாமையே அவனை வருத்தியது. நம் முன்னோர் வகுத்த மாணவ விதிகளில் அத்தகைய கட்டு இருந்தது; தாஹா ஹுஸைன் அஸ்ஹரின் வாசலை மிதித்த காலத்தில் அது தளர்ந்து போயிருந்தது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூவகை விதிகள்

பழைய கலாசாலை ஒன்றின் மாணவ வாழ்வை ஆண்ட விதிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மூன்று வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர். முதலாவது அதபு, அதாவது ஆசிரியரும் மாணவரும் பேணவேண்டிய ஒழுக்கம். இதனைக் கூற நூல்கள் உள்ளன. இதனை மீறியோருக்கு இவ்வுலகில் தண்டனை இல்லை. இரண்டாவது ஷர்த்து, அதாவது மதரஸாவையோ அதன் உணவுக்குரிய சொத்தையோ வக்ஃபு செய்தவர் தம் சாசனத்தில் எழுதிவைத்த நிபந்தனை. இதனை மீறினால் காழியிடம் வழக்குச் செல்லும். மூன்றாவது கானூன், அதாவது அரசு இயற்றும் சட்டம். அஸ்ஹரைப் பொறுத்தவரை இம்மூன்றாவது வகை மிகப் பிந்தியது. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் (கி.பி. 970–972) ஃபாத்திமீக்களால் எழுப்பப்பட்ட அப்பள்ளிவாசலில், ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் அதபும் ஷர்த்துமே மாணவ வாழ்வை ஆண்டன.

இந்த மூன்றும் யாரைக் கட்டின என்று கேட்டுப் பார்த்தாலே நமது கருத்து விளங்கிவிடும்.

ஆசிரியரிலிருந்து தொடங்கிய ஒழுக்க நூல்

அதபு நூல்களுள் நம் அரபிக் கல்லூரிகளில் நன்கு அறியப்பட்டது இமாம் ஸர்னூஜியின் 'தஃலீமுல் முதஅல்லிம்'. ஹிதாயாவின் ஆசிரியர் மர்கீனானியிடம் ஓதியவர் அவர். மாணவன் தன் உஸ்தாதுக்குச் செலுத்தவேண்டிய மரியாதையை அவர் மிக விரிவாகப் பேசுகிறார். ஆயின் அதே நூலில், உஸ்தாதைத் தேர்ந்தெடுக்கும் அத்தியாயமும் உள்ளது என்பதை நாம் பலவேளை மறந்துவிடுகிறோம். புகாராவுக்கு ஓதச் செல்பவன் அவசரப்பட்டு ஓர் ஆசிரியரிடம் போய் அமரவேண்டாம்; இரண்டு மாதம் பொறுத்திருந்து ஆராய்ந்து தேர்ந்துகொள்ளட்டும் என்னும் அறிவுரையை அவர் எடுத்துக் காட்டுகிறார். பணிவு கேட்கப்படுவது, தானே தேர்ந்துகொண்ட ஆசிரியர் முன்னிலையில்தான். தேர்வுரிமை இல்லாதவனிடம் அதே பணிவை வற்புறுத்துவது ஸர்னூஜியின் பாதியை மட்டும் ஓதியவர் செயலாகும்.

இதனினும் தெளிவானது பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (வஃபாத் ஹி. 733 / கி.பி. 1333) எழுதிய 'தத்கிரத்துஸ் ஸாமிஇ வல் முதகல்லிம்'. எகிப்திலும் ஷாமிலும் தலைமைக் காழியாக இருந்தவர், பல மதரஸாக்களில் பாடம் நடத்தியவர் என்பதால் அவர் எழுதியது அனுபவம் பேசும் நூல். அதன் அத்தியாய வைப்புமுறையை மட்டும் நோக்குக. அறிவின் சிறப்பு முதலாவது. ஆசிரியரின் ஒழுக்கம் இரண்டாவது. மாணவரின் ஒழுக்கம் மூன்றாவது. நூல்களைக் கையாளும் முறை நான்காவது. மதரஸாவில் தங்குவோரின் ஒழுக்கம் ஐந்தாவது. மாணவனுக்கு ஒரு சொல் சொல்லுமுன் ஆசிரியருக்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கினார் அவர். பசி, தாகம், சினம், உறக்கம் ஆகியவற்றின் பிடியில் இருக்கும்போது பாடம் நடத்தலாகாது. மாணவர் சலிக்கும் அளவு நீட்டலாகாது. ஒருவரை மற்றவரினும் உயர்த்திக் காட்டி மற்றவர் மனம் புண்படச் செய்யலாகாது. வராதவனைப் பற்றி விசாரிக்கவேண்டும், நோயுற்றிருந்தால் சென்று காணவேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். இவை யாவும் ஆசிரியரின் கடமைகள்.

ஐந்தாம் அத்தியாயம் விடுதி வாழ்வின் நுணுக்கங்களுக்குள் இறங்குகிறது. மாடி அறைகளை இளைஞரும் உடல்வலிமையுள்ளோரும் எடுத்துக்கொள்ளட்டும்; நலிந்தோருக்கும் ஃபத்வா கேட்டு மக்கள் நாடிவரும் பெரியோருக்கும் கீழறைகளை விட்டுக்கொடுக்கட்டும். படியேறும்போது காலடி ஓசையும் காலணி ஓசையும் பிறருக்குத் தொல்லையாகலாகாது. மதரஸாவின் வாசலை அரட்டைக் களமாக்கலாகாது. முற்றத்தில் காரணமின்றி உலாவலாகாது. இவற்றுக்கெல்லாம் முன்பாக அவர் சொல்வதுதான் நம் கவனத்துக்குரியது. தங்க வருபவன் அம்மதரஸாவை வக்ஃபு செய்தவரின் பொருள் எத்தன்மையது என்று ஆராயட்டும். சாசனத்தின் நிபந்தனைகளை அறிந்துகொள்ளட்டும். அவற்றை நிறைவேற்றத் தன்னால் இயலுமா என்று எண்ணிப் பார்த்தபின் தங்கட்டும். விதியை அறியும் உரிமையும், அறிந்தபின் ஏற்கவோ விலகவோ செய்யும் உரிமையும் மாணவனுக்கு உண்டு என்பதே இதன் பொருள்.

ஆயினும் அதபு நூல்களை வரம்புகடந்து புகழ்வதும் முறையன்று. அவற்றுக்கு வழக்குமன்றம் இல்லை. சினத்தோடு பாடம் நடத்திய ஆசிரியர்மீது இப்னு ஜமாஆவைக் காட்டி எந்த மாணவனும் முறையிட்டிருக்க முடியாது. அவ்விடத்தை நிரப்பியது வக்ஃபுச் சாசனம்.

ரொட்டியும் உரிமையும்

கி.பி. 1234இல் பகுதாதில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் தலைக்கு 62 மாணவர் என்று வரையறை செய்யப்பட்டிருந்தது. அவர்களுக்குரிய உணவும் உதவித்தொகையும் வக்ஃபின் வருமானத்திலிருந்து குறித்துவைக்கப்பட்டன. அஸ்ஹரில் இவ்வேற்பாடு வேறு வடிவம் பெற்றது. அங்கே ஓத வந்தோர் முஜாவிர் எனப்பட்டனர், அதாவது பள்ளிவாசலின் அண்டையில் வாழ்வோர். நாடு, வட்டாரம், மத்ஹபு ஆகியவற்றின்படி அவர்களுக்கு ரிவாக்குகள் அமைந்தன. மக்ரிபியர், ஷாமியர், துருக்கியர், ஜாவாவினர், இந்தியர், மேல் எகிப்தியர் என ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் ஒரு ரிவாக். ஒவ்வொரு ரிவாக்குக்கும் ஒரு ஷைகு. அதற்கென வக்ஃபுச் சொத்து. அதிலிருந்து நாள்தோறும் ஜிராயா எனப்படும் ரொட்டிப் பங்கு. பார்வையற்ற மாணவருக்கென உஸ்மான் கத்குதா 18ஆம் நூற்றாண்டில் கட்டிய ஸாவியா ஒன்றும் அஸ்ஹரின் அருகே இருந்தது.

இந்த ரொட்டி ஓர் ஈகைப் பொருளாக மட்டும் இருந்திருந்தால், கொடுப்பவர் நிறுத்தியபோது பெறுபவர் மௌனமாகப் போயிருப்பார். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. ஜபர்த்தியின் வரலாற்று நூலில் கி.பி. 1777ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று இடம்பெற்றிருக்கிறது. மக்ரிபியர் ரிவாக்குக்கு வக்ஃபு செய்யப்பட்ட ஒரு வீடு குறித்து வழக்கு எழுந்தது. தீர்ப்பு மாணவர் பக்கம் அமைந்தும், அதிகாரத்திலிருந்த அமீர் ஒருவர் அதனை ஏற்க மறுத்தார். மாலிக்கீ மத்ஹபின் பேரறிஞர் ஷைகு தர்தீர் மாணவர் பக்கம் நின்றார். அஸ்ஹரின் கதவுகள் அடைக்கப்பட்டன, பாடங்கள் நின்றன, கடைவீதியும் மூடப்பட்டது. இறுதியில் அமீர்களே இறங்கிவந்து சமரசம் பேசவேண்டியதாயிற்று. ஊரில் வேர் இல்லாத அயல்நாட்டு மாணவருக்கு இந்த வலிமையைத் தந்தது சாசனத்தில் எழுதப்பட்டிருந்த நிபந்தனையே.

வக்ஃபு செய்தவரின் நிபந்தனை ஷரீஅத்தை வகுத்தவனின் வசனத்தைப் போன்றது என்பது ஃபுகஹாக்களிடையே வழங்கிவரும் விதி. இதனைச் சிலர், எழுதிவைத்தது எதுவாயினும் மாற்றலாகாது என்று பொருள்கொள்வர். இப்னு தைமிய்யா இதற்கு வரம்பு கட்டினார். சொல்லின் கருத்தை விளங்கிக்கொள்ளும் முறையில்தான் அது வசனத்தைப் போன்றது. கண்ணை மூடிக்கொண்டு நிறைவேற்றும் கடமையில் அன்று. ஷரீஅத்துக்கு முரணான நிபந்தனை செல்லாது என்பது அவர் விளக்கம். ஆக, சாசனம் மாணவனைக் கட்டியது போலவே முத்தவல்லியையும் கட்டியது. வக்ஃபு செய்தவரையுங்கூடக் கட்டியது. கொடுத்தவர் தாம் கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது என்பதுதானே வக்ஃபின் உயிர்நாடி.

இது கிழக்கு நாடுகளுக்கு மட்டும் உரிய அமைப்பன்று. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1264இல் வால்டர் டி மெர்ட்டன் நிறுவிய கல்லூரியும் ஒரு கொடைச்சாசனத்தின் மேல் எழுந்ததே. இத்தகைய கல்லூரிகளுக்கும் நம் வக்ஃபு மதரஸாக்களுக்கும் உள்ள ஒப்புமையை ஜார்ஜ் மக்திஸி 1981இல் வெளியிட்ட தம் ஆய்வுநூலில் விரிவாகப் பேசியுள்ளார். அங்கும் இரவில் வாயிற்கதவு அடைக்கும் நேரம், அங்கி அணியும் கட்டாயம், தெருவில் சுற்றும் மாணவரைப் பிடிக்கும் ஒழுங்கு அதிகாரிகள் என்று விதிகள் பல நூற்றாண்டுகள் ஆண்டன. நம் இளைஞர் சிலர் அவற்றைப் 'பாரம்பரியம்' என்று வியந்து, நம் மதரஸாக்களின் விதிகளைப் 'பிற்போக்கு' என்று நகைக்கும் வேடிக்கையை என்னென்பது! ஆனால் அங்கிருந்து கற்கவேண்டியது அங்கியுமன்று, மணியோசையுமன்று. கல்லூரித் தலைவரின் மேலும் முறையீடு கேட்க வெளியிலிருந்து ஒரு மேலாளரைச் சாசனத்திலேயே அமர்த்தியிருந்தனர் அவர்கள். மெர்ட்டன் கல்லூரிக்கு அப்பொறுப்பு கேன்டர்பரி பேராயருடையது. நம்மிடம் காழி நின்ற இடத்தில் அவர்களிடம் அவர் நின்றார்.

கட்டு தளர்ந்த காலம்

சாசனத்தின் காவல் எப்போதும் வெற்றி பெற்றது என்று நாம் சொல்லவரவில்லை. ஹி. 818இல் (கி.பி. 1415) அஸ்ஹரின் நிர்வாகம் ஏற்ற அமீர் ஒருவர், அங்கே தங்கியிருந்த ஏறத்தாழ 750 முஜாவிர்களை வெளியேற்றி, அவர்களின் பெட்டிகளையும் அலமாரிகளையும் தூக்கி எறிந்தார். மக்ரீஸி இதனை மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ரொட்டிப் பங்கே ஓதாதவர் கைக்கும் மாறிற்று. எனினும் பெருங்கேடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. முஹம்மது அலீ பாஷா வக்ஃபு நிலங்களின்மீது வரி விதித்தும் பலவற்றை அரசின் பிடிக்குள் கொணர்ந்தும் உலமாக்களின் பொருளாதார அடித்தளத்தை அசைத்தார்.

அடித்தளம் அசைந்தபின் கானூன் வந்தது. 1872இல் ஆலிம் பட்டத்துக்கு முதன்முறையாகத் தேர்வு விதிக்கப்பட்டது. பதினொரு பாடங்கள், ஆறு உலமாக்கள் அடங்கிய தேர்வுக்குழு, மூன்று தரங்கள். 1896ஆம் ஆண்டுச் சட்டம் சேர்க்கையையும் வரையறுத்தது. மாணவனுக்குப் பதினைந்து வயதாகியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குர்ஆனில் பாதியேனும் மனனமாகியிருக்க வேண்டும். பார்வையற்றவனாயின் முழுவதும் மனனமாகியிருக்க வேண்டும். எட்டாண்டு ஓதினால் அஹ்லிய்யா, பன்னிரண்டாண்டு ஓதினால் ஆலிமிய்யா. இமாம் முஹம்மது அப்துஹு அக்காலத்து நிர்வாகக் குழுவில் இருந்து, ஆசிரியர் ஊதியம், மாணவர் உணவு, சுகாதாரம் ஆகியவற்றைச் சீர்செய்ய முயன்றதும் இவ்வாண்டுகளில்தான். அதே 1896இல், வாந்திபேதிப் பரவலின்போது ஷாமியர் ரிவாக்கில் நோயுற்ற தோழரை அதிகாரிகள் கொண்டுசெல்வதை மாணவர் தடுத்தனர். காவலர் பள்ளிவாசலுக்குள் சுட்டனர்; உயிரிழப்பும் நேர்ந்தது. பழைய காவல் போய்விட்டதையும் புதிய காவல் வந்துசேராததையும் இதனினும் துலக்கமாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

1902இல் தாஹா ஹுஸைன் வந்து சேர்ந்தது இந்த அஸ்ஹருக்கே.

நூல் தரும் சாட்சியம்

நூலிலிருந்து மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சேர்க்கைத் தேர்வு. சிறுவன் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவன். தேர்வை எண்ணி நடுங்கியபடி நிற்கிறான். தேர்வாளர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அவன் கண்ணின் குறையைச் சொல்லி அழைத்தார். இரண்டு இடங்களிலிருந்து சிறிது ஓதச் சொன்னார். உடனே போகச் சொன்னார், அப்போதும் அதே குறையைச் சொல்லி. பின்னர் வயதைச் சோதிக்கும் மருத்துவர் அவனுக்குப் பதினைந்து என்று கணித்தார். உண்மையில் அவன் வயது பதின்மூன்று. தேர்வாளர், மருத்துவர் ஆகிய இருவரின் நேர்மையிலும் அவனுக்கு ஐயம் பிறந்தது என்கிறது நூல். ஆழ்ந்து நோக்கின், இங்கே விதி எவரையும் வாட்டவில்லை. வாட்டியது மரியாதையற்ற சொல். ஐயத்தை விளைத்தது விதியைக் காக்கவேண்டியவரே அதனைப் பொருட்படுத்தாமை. மாணவர் மனம் புண்படப் பேசலாகாது என்ற இப்னு ஜமாஆவின் நூல் அத்தேர்வாளர் அறியாததாக இருக்க நியாயமில்லை. சிறுவனைக் கட்டும் சட்டம் எழுத்தில் இருந்தது. தேர்வாளரைக் கட்டும் அதபு ஏட்டளவில் நின்றுவிட்டது.

இரண்டாவது, ஷைகு ஸய்யித் அல்-மர்ஸஃபியின் இலக்கியப் பாடம். முபர்ரதின் 'அல்-காமில்' ஓதப்பட்டு வந்தது. ஹஜ்ஜாஜ் சொன்ன ஒரு சொல்லை வைத்து அவனைக் காஃபிர் என்று அறிஞர் முடிவு செய்தனர் என ஓர் இடம் அதில் வருகிறது. அச்சொல் ஒழுங்கீனமானது எனினும், குஃப்ரு என்று முடிவு செய்ய அது போதாது என்று தாஹாவும் அவர் தோழர்களும் வாதிட்டனர். செய்தி ஷைகுல் அஸ்ஹராக இருந்த ஹஸ்ஸூனா அந்நவாவியின் செவிக்கு எட்டியது. அவர் இரண்டாம் முறை அப்பதவி வகித்த காலம் அது (1907–1909). மாணவர் மூவர் அழைக்கப்பட்டனர். அவர்கள் மீது சொல்லப்பட்டவை கேட்கப்பட்டன. பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 'காமில்' பாடமும் நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக இப்னு ஹிஷாமின் இலக்கண நூலை நடத்துமாறு மர்ஸஃபி பணிக்கப்பட்டார். தாஹா சீற்றத்துடன் ஒரு கட்டுரை எழுதி 'அல்-ஜரீதா' அலுவலகத்துக்குக் கொண்டுசென்றார். அதன் ஆசிரியர் லுத்ஃபி அஸ்ஸய்யித் கட்டுரையை வெளியிடாமல் வேறு வழியில் தலையிட்டார். பிறகு தெரியவந்தது என்னவெனில், பெயர்கள் நீக்கப்படவேயில்லை. மிரட்டுவதற்காகச் சொல்லப்பட்டதே அது.

இரண்டாம் பாகத்திலேயே மிகக் கூர்மையான பகுதி இது என்பது நமது துணிபு. ஒரு மாணவன் நீக்கப்பட்டானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாமலிருந்தது. எழுத்தில் குற்றச்சாட்டு இல்லை. எழுத்தில் தீர்ப்பு இல்லை. மேல்முறையீடு செய்ய ஓரிடம் இல்லை. செல்வாக்குள்ள பத்திரிகையாசிரியர் ஒருவரின் அறிமுகம் இருந்ததால் உண்மை வெளிவந்தது. அறிமுகம் இல்லாத மாணவன் என்ன செய்திருப்பான்? கடுமையான விதி ஒன்று எழுத்தில் இருந்திருந்தால், இம்மூவருக்கும் அது பாதுகாப்பாகவே அமைந்திருக்கும்.

மூன்றாவது, பிற்காலத்தில் எழுதிய மூன்றாம் பாகத்தில் வருவது. 1912இல் ஆலிமிய்யா தேர்வுக்கு முந்திய இரவில், தேர்ச்சி தரலாகாது என்று குழுவுக்கு முன்னரே சொல்லப்பட்டிருப்பதாக அவருக்கு எச்சரிக்கை வருகிறது. மறுநாள் அவ்வாறே தோல்வி நேர்கிறது. 1872இலிருந்து வகுக்கப்பட்டு வந்த தேர்வுமுறையின் நோக்கம், பட்டம் செல்வாக்கால் அன்றித் தகுதியால் கிடைக்கவேண்டும் என்பதே. நூல் சொல்வது மெய்யாயின், கானூனும் தன் காவலரைக் கட்டத் தவறியது.

சாட்சியத்தின் குறைகள்

மெய்யாயின் என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது ஒரு தரப்பின் சாட்சியம். நிகழ்ந்து முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எழுதப்பட்டது. இடையில் 1926இல் ஜாஹிலிய்யாக் கவிதை பற்றிய அவருடைய நூலுக்கு எதிராக அஸ்ஹர் உலமாக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1932இல் அவர் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அவ்வடுக்கள் நினைவின்மீது நிறம் ஏற்றாமல் இருந்திருக்கும் என்று கருத இயலாது. தம்மை 'அச்சிறுவன்', 'அவ்விளைஞன்' என்று படர்க்கையில் குறிக்கும் அவர் நடை நடுநிலைத் தோற்றத்தைத் தருகிறது. தோற்றம் வேறு, நடுநிலை வேறு.

இதனினும் பெரிய குறை, நூல் விரித்துப் பேசாமல் விட்டதில் உள்ளது. வறிய மாணவரின் அறையையும் உணவையும் தேநீரையும் அவர் அழகுற வரைகிறார். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பல்லாயிரவர், கட்டணம் எனும் சொல்லையே அறியாமல் அங்கே ஓதினரே, அதனை இயலச்செய்த அமைப்பு எது என்ற கேள்வி அவர் பேனாவை நிறுத்தவில்லை. மற்றொன்று, அஸ்ஹரில் அவர் அனுபவித்த சுதந்திரம். பிடிக்காத ஷைகின் பாடத்தை விட்டு வேறொரு தூணடியில் போய் அமர அவரால் முடிந்தது. மர்ஸஃபியை அவர் கண்டடைந்தது அவ்வாறே. 1908இல் எகிப்தியப் பல்கலைக்கழகம் திறந்தபோது, அஸ்ஹரின் மாணவராக இருந்துகொண்டே அங்கும் சென்று கற்றார். 1914இல் அபுல் அலா அல்-மஅர்ரி பற்றி எழுதி அப்பல்கலைக்கழகத்தின் முதல் டாக்டர் பட்டமும் பெற்றார். அவர் பழித்த பழைய முறையின் நெகிழ்ச்சியே அவரை உருவாக்கியது என்பதை நூல் உரத்துச் சொல்லவில்லை. நாம் வரிகளுக்கிடையே படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இக்குறைகள் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்யப் போதுமானவை அல்ல. சாட்சி சினத்தோடு பேசுகிறார் என்பதால் அவர் கண்டது நடக்கவில்லை என்று ஆகாது. நன்றிமறந்தவர் என்று சொல்லி நூலை மூடிவிடும் நண்பர்கள், மூன்று மாணவரை நீக்கியதாகப் பொய்யாக அறிவிப்பது முறையா என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நமக்குரியது

அஸ்ஹர் அதன்பின் வெகுதூரம் சென்றுவிட்டது. 1930இல் மூன்று கல்விப்புலங்கள் அமைந்தன. 1961ஆம் ஆண்டின் 103ஆம் சட்டம் மருத்துவம், பொறியியல் ஆகியவற்றையும் சேர்த்து அதனை இன்றைய பல்கலைக்கழகமாக்கியது. அயல்நாட்டு மாணவருக்கு ரிவாக்குகளின் இடத்தில் தனி விடுதிநகரம் எழுந்தது. தாஹா ஹுஸைன் கண்ட வாழ்வு இன்று அங்கில்லை.

ஆனால் அவர் எழுப்பிய வினா நம் இல்லத்திலேயே இருக்கிறது. நம் அரபிக் கல்லூரிகளிலும், நம் சமுதாயம் நடத்தும் கலைக் கல்லூரி விடுதிகளிலும், சேரவரும் பிள்ளையிடமும் அவன் தந்தையிடமும் நிபந்தனைத் தாளில் கையொப்பம் பெறுகிறோம். தொழுகைக்கு வராவிட்டால், அனுமதியின்றி வெளியே சென்றால், உஸ்தாதுக்கு மரியாதை தவறினால் என்னவாகும் என்று அதில் எழுதியிருக்கும். அவ்விதிகளில் தவறு இல்லை, அவை வேண்டும். உஸ்தாத் மாணவனை இழித்துப் பேசினால் என்ன, நிர்வாகி சோற்றை நிறுத்தினால் என்ன, நீக்குவதற்கு முன் யார் விசாரிப்பது, நீக்கியபின் யாரிடம் முறையிடுவது என்பவற்றுக்கு அத்தாளில் பெரும்பாலும் இடமில்லை. அதாவது இப்னு ஜமாஆவின் மூன்றாம், ஐந்தாம் அத்தியாயங்களை அச்சிட்டுவிட்டு இரண்டாம் அத்தியாயத்தைப் பூட்டிவைத்திருக்கிறோம்.

ஹள்ரத் அலீ (ரலி) அவர்களை யமனுக்குக் காழியாக அனுப்பியபோது, இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் அறியப்பட்ட செய்தி. இதனைக் 'கிதாபுல் கழா'வில் ஓதிக்கொடுக்கும் நாம், ஒரு மாணவனின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்கும்போது அது நினைவுக்கு வரவேண்டாமா? நீக்கப்படும் மாணவன் இழப்பது ஓர் இடத்தை மட்டுமன்று. ஊரில் அவன் பெயர், அவன் தாயின் கனவு, ஏழெட்டு ஆண்டு ஓதலின் பயன் யாவும் அத்துடன் போகின்றன. பத்து ரூபாய் வழக்குக்கு இரு சாட்சி கேட்கும் மரபு நமது. ஒரு வாழ்வைக் குறித்த முடிவுக்கு ஒருவரின் சினம் போதும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

செய்யவேண்டியது பெரிதன்று. ஆசிரியரின் கடமைகளும் நிர்வாகத்தின் கடமைகளும் மாணவ விதிகளுடன் ஒரே தாளில் எழுதப்படட்டும். குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டு, பதில் கேட்கப்பட்டு, முடிவும் எழுத்தில் தரப்படட்டும். கல்லூரிக்கு வெளியே, ஜமாஅத்தாரும் உலமாக்களும் மதிக்கும் ஒருவர் முறையீடு கேட்கும் பொறுப்பில் அமர்த்தப்படட்டும். இவற்றால் உஸ்தாதின் கண்ணியம் குறையுமென்று அஞ்சுவோர் உண்டு. மர்ஸஃபியின் பாடத்தைத் தாஹா ஹுஸைன் இறுதிவரை மறக்காமல் போற்றினார். அந்த மரியாதையை எந்த விதியும் அவருக்குப் பெற்றுத் தரவில்லை. பெயர் சொல்லி அழைக்காத தேர்வாளரையும் அவர் மறக்கவில்லை. அந்த வடுவை எந்த விதியும் தடுக்கவில்லை. முன்னதை விதியால் உண்டாக்க இயலாது. பின்னதைத் தடுக்க இயலும். தடுப்பது நம் கடமை.